பன்னிரண்டு டப்பாவும் ஒரு துண்டுச்சீட்டும்

22 வருடம் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். வேலையை விட்ட பிறகு வந்த முதல் பிறந்தநாளுக்கு மகள் ஒரு மூலிகைப் பெட்டியை அனுப்பிவைத்தாள். "இத்தனை வருஷம் மாத்திரை அட்டையையே பாத்துக்கிட்டு இருந்தியேம்மா, இனிமே கொஞ்சம் இலை தழையையும் பாரு" என்று போனில் சிரித்தாள். சாதாரண உபாதைகளுக்குப் பன்னிரண்டு இயற்கை நிவாரணங்கள் என்று மூடியில் பொன்னிறத்தில் அச்சடித்திருந்தது. நான்கு மாதம் ஆகிறது. சில டப்பாக்கள் காலி, சில பாதி. ஒன்றை மட்டும் யார் கைக்கும் எட்டாத மேல் தட்டில் ஏற்றிவைத்திருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயர்களில் விற்கின்றன, உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். சரக்கை மட்டும் பார்த்தால் நான்கு கொடுத்திருப்பேன். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது கூடவே வந்த துண்டுச்சீட்டு.

முதலில் சரக்கு. டப்பாக்கள் தகரம், மூடி இறுக்கமாக உட்காருகிறது, ஈரம் உள்ளே போவதில்லை. கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசிகிறது. எண்ணெய் வடித்து எடுத்துவிட்ட சக்கை இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சுக்குத்தூளில் மெல்லிய நார் இருந்தது, நாக்கில் வைத்த இரண்டாவது நொடி காரம் ஏறியது. லவங்கப்பட்டை மட்டும் சொன்னபடி இல்லை. நல்ல ரகம் என்று போட்டிருந்தார்கள். மெல்லிய ரகமாக இருந்தால் காகிதம் போல அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும், கையில் நொறுங்கும். இது தடித்த ஒற்றைச் சுருள், உடைக்கவே பலம் வேண்டியிருந்தது. அதாவது காசியா வகை. மணத்துக்குக் குறைவில்லை. ஆனால் அதில் கூமரின் என்ற பொருள் மெல்லிய ரகத்தைவிடப் பல மடங்கு அதிகம். தினமும் ஸ்பூன் கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு ஈரலைத் தொந்தரவு செய்யும். சீட்டில் 'தினமும் ஒரு ஸ்பூன்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் தேநீரில் சிட்டிகை போடுவதோடு நிறுத்திக்கொண்டேன்.

பெட்டியிலேயே உருப்படியான பொருள் எது என்று கேட்டால் யோசிக்காமல் இசப்கோலைக் காட்டுவேன். மற்ற டப்பாக்களில் இருக்கும் மணம், நிறம் எதுவும் இதற்கு இல்லை. மரத்தூள் போல வெளிறிப்போய் இருக்கும். பிளான்டாகோ ஓவாட்டா என்ற சிறு செடியின் விதை மேல் தோல், அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, வேண்டுமென்றே குடிக்காமல் மேசையில் வைத்துப் பார்த்தேன். முதல் நிமிடம் தூசி மாதிரி சுழன்றது. பிறகு ஒவ்வொரு துணுக்கைச் சுற்றியும் கண்ணாடி போல ஒரு வளையம் கட்டியது. பத்து நிமிடம் கழித்து ஸ்பூனை நட்டால் சாயாமல் நின்றது. குடலுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இறுகியதை இளக்கும், அதே காரணத்தால் நீர்த்துப்போனதைக் கெட்டிப்படுத்தவும் செய்யும். இரண்டு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் பொருள் கவுண்டரில்கூட எனக்கு அதிகம் இருந்ததில்லை.

அந்த ஜெல்தான் ஆபத்தும். டம்ளர் நிறையத் தண்ணீரோடு கலக்கிய உடனே குடிக்க வேண்டும். வறட்டுத் தூளாக வாயில் போட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் தொண்டையிலேயே வீங்கி அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மற்ற மாத்திரைகளை அந்த ஜெல் பிடித்துக்கொள்ளலாம் என்பதால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதில் ஒரு வரிகூட சீட்டில் இல்லை. 'ஒரு ஸ்பூன் சாப்பிடவும்' என்பதோடு முடித்துவிட்டார்கள். நான் அரை ஸ்பூனில் ஆரம்பித்தேன். முதல் நான்கு நாள் வயிறு உப்புசமாக இருந்தது, ஐந்தாம் நாளிலிருந்து காலைப் பொழுது எந்த ரகளையும் இல்லாமல் கழிகிறது. ஒரே இரவில் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுக்கும். கரையும் நார்ச்சத்து என்பதால் கெட்ட கொலஸ்ட்ராலையும் ஓரளவு இறக்கும். 1998ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதய நலம் பற்றி இந்த உமியின் பொட்டலத்தில் எழுதிக்கொள்ள அனுமதித்திருக்கிறது. நாளைக்கு 7 கிராம் கரையும் நார் என்பது அதில் சொன்ன கணக்கு.

உலர்ந்த பிளம் டப்பா பத்தே நாளில் காலி. மருந்தாக இல்லை, டிவி பார்த்துக்கொண்டே. அதில் நாரோடு சார்பிட்டால் என்ற சர்க்கரை மாதிரிப் பொருளும் இருக்கிறது, குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். என் கணவர் ஒரே மூச்சில் பதினைந்து சாப்பிட்டுவிட்டு அன்று மாலை நடைப்பயிற்சிக்கு வரவில்லை. இது டப்பாவின் குற்றம் இல்லை.

சுக்கு யாருக்குப் பயன்பட்டது தெரியுமா? பெட்டியை அனுப்பிய மகளுக்கே. மூன்றாம் மாதம், காலையில் கண் விழித்ததும் குமட்டல். பார்க்கும் டாக்டரிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் கொடுத்தேன். கர்ப்பகாலக் குமட்டலுக்கு இஞ்சி பற்றி நிறைய ஆய்வுகள் உண்டு. பலவற்றில் நாளைக்கு 1 கிராம் அளவு, அதுவும் நான்காகப் பிரித்து. சமையலறைத் தராசில் கால் கிராமெல்லாம் நிற்காது. அதனால் 1 கிராமை எடை போட்டு, தாளில் பரப்பி, கத்தியால் நான்கு கோடு பிரித்து மடித்துக் கொடுத்தேன். பழைய கம்பவுண்டர்கள் பொட்டலம் மடிக்கிற மாதிரி. அவள் சொன்னது: "வாந்தி நிக்கலம்மா, ஆனா நாள் பூரா இருந்த அந்தப் பிரட்டல் குறைஞ்சிருக்கு." ஆய்வுகளும் அநேகமாக அதையேதான் சொல்கின்றன, குமட்டல் குறைகிற அளவுக்கு வாந்தி குறைவதில்லை. சீட்டோ 'வாந்தியை உடனே நிறுத்தும்' என்கிறது. பச்சை இஞ்சியில் இருக்கும் ஜிஞ்சரால், காயும்போது ஷோகாலாக மாறுகிறது. சுக்கின் தனிக் காரம் அதிலிருந்து வருவது. ஆகவே 'இஞ்சி அல்லது சுக்கு, இரண்டும் ஒன்றே' என்ற வரியும் சரியில்லை.

கிராம்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நன்றி சொன்னேன். கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமென்ட் பெயர்ந்து விழுந்துவிட்டது. ஒரு கிராம்பைப் பல்லோரம் வைத்து மெல்லக் கடித்தேன். முதலில் எரிச்சல், பிறகு அந்தப் பக்கம் முழுக்க மரத்துப்போனது. ஒரு மணி நேரம் தாங்கும், பிறகு இன்னொன்று. அதில் இருக்கும் யூஜினால்தான் காரணம். பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு வாசனை, அதுவும் இதுவேதான். துத்தநாக ஆக்ஸைடோடு யூஜினாலைக் குழைத்து இன்றும் பல்லில் அடைக்கிறார்கள். மறுநாள் காலை டாக்டரிடம் போய் அடைத்துக்கொண்டேன். கிராம்பு வலியைத்தான் மரக்கச் செய்யும், ஓட்டையை ஒன்றும் செய்யாது. பெட்டியில் வந்தது முழுக் கிராம்பு, பரவாயில்லை. தனியாக விற்கும் கிராம்பு எண்ணெய்ப் புட்டி வீட்டில் இருந்தால் குழந்தை கைக்கு எட்டவே கூடாது. சில மில்லி உள்ளே போனாலும் ஈரலைத் தாக்கும்.

புதினா எண்ணெய் காப்ஸ்யூலில் பெட்டிக்காரர்கள் சறுக்கியிருக்கிறார்கள். அவருக்கு வயிறு உப்புசம், அவ்வப்போது முறுக்கிப் பிடிக்கும். புதினாவில் இருக்கும் மென்தால் குடல் தசையைத் தளர்த்தும் என்பது உண்மை, எரிச்சல் குடல் என்று சொல்கிறார்களே அதற்கு இந்தக் காப்ஸ்யூலை டாக்டர்களே எழுதுகிறார்கள். ஆனால் அது வயிற்றைத் தாண்டிக் குடலில் போய் உடைகிற மாதிரி மேலே பூச்சு பூசியதாக இருக்க வேண்டும். வயிற்றிலேயே உடைந்தால் உணவுக்குழாயின் அடிவாசலைத் தளர்த்திவிட்டு, அமிலத்துக்கு வழி திறந்துவிடும். இரண்டு நாள் சாப்பிட்டவர் மூன்றாம் நாள் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "ஏப்பத்துலகூட புதினா மணக்குது, ஆனா நெஞ்சு எரியுது" என்றார். சந்தேகம் வந்து ஒரு காப்ஸ்யூலை வெதுவெதுப்பான வினிகரில் போட்டேன். பூச்சு உள்ளதாக இருந்தால் அசையாமல் கிடக்க வேண்டும். கால் மணி நேரத்தில் பக்கவாட்டில் வாய் பிளந்தது, பச்சை எண்ணெய் மேலே வந்து வட்டமாக மிதந்தது. வெறும் ஜெலட்டின். மிச்சம் அப்படியே குப்பைக்குப் போனது.

மஞ்சள் காப்ஸ்யூலை யாருக்கும் கொடுக்கவில்லை. மூட்டு வலிக்கு என்று போட்டிருக்கிறது. மஞ்சளில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்குதான், அதுவும் உடம்பில் சரியாக ஏறாது. அதற்காக மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். ஏறுவது பல மடங்கு கூடும் என்று 1998இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது, அன்றிலிருந்து எல்லாப் புட்டியிலும் மிளகு. ஆனால் பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடாது, கூடச் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அளவையும் மாற்றும். இந்த மாதிரிச் செறிவூட்டிய மஞ்சளால் ஈரல் வீங்கியவர்கள் பற்றிப் பல நாடுகளில் பதிவுகள் இருக்கின்றன. என் தம்பி, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவன். "அக்கா, அந்த மஞ்சளை எனக்கு அனுப்பிடேன், முட்டி வலிக்குது" என்றான். முடியாது என்றேன். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, இது வேறு.

மற்றவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். கெமோமில் பூ மணமாக இருக்கிறது, தூங்கும் முன் குடிக்க இதமாக இருக்கிறது, தூக்கத்தை அது கொடுத்ததா வெந்நீர் கொடுத்ததா என்று சத்தியம் செய்ய மாட்டேன். சாமந்திக் குடும்பத்துப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. தைம் இலையை இருமல் வந்த ஒரு வாரம் குடித்தேன், ஒரு வாரத்தில் இருமல் போனது, குடிக்காவிட்டாலும் போயிருக்கும். தூக்கத்துக்கான வலேரியன் வேர் டப்பாவைத் திறந்ததும் அவர் தன் காலுறையைக் குனிந்து பார்த்தார். அந்த நாற்றம் அதன் இயல்பு, கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நிலாவாகை இலை மலச்சிக்கலுக்கு நன்றாகவே வேலை செய்யும், இரவு குடித்தால் காலையில் பதில் சொல்லும். அதை 'உடல் இளைக்க தினமும் பருகவும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. இளைப்பது கொழுப்பு இல்லை, தண்ணீரும் பொட்டாசியமும். கவுண்டரில் நிற்கும்போது நிலாவாகை மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் வாங்க வந்தவர்களை டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன்.

இப்போது மேல் தட்டு டப்பா. தொண்டை இதம் டீ என்று பெயர். அதிமதுரம், அதோடு கொஞ்சம் பெருஞ்சீரகம். பெட்டியிலேயே ருசியானது இதுதான், சர்க்கரை போடாமலே தித்திக்கும். அதில் உள்ள கிளைசிரைசின் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. அத்தைக்கு வயது 74. சளி பிடித்துத் தொண்டை கமறியபோது ஒரு கோப்பை போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அவரே கேட்டு வாங்கினார். சளி போன பிறகும் டீ போகவில்லை. காலை ஒன்று, மதியம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. "ஏம்மா, சர்க்கரையே இல்லாம இவ்வளவு ருசியா இருக்கே, இதுல என்ன கெடுதல் வரப்போகுது?" என்றார். நானும் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் கயிறு கட்டி அவிழ்த்தது போல ஒரு பள்ளம். விரலால் அழுத்தினேன், குழி விழுந்து மெதுவாக எழும்பியது. அத்தை ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் 5 சாப்பிடுகிறார். அந்த மாத்திரைக்குக் கால் வீங்கும், அதனால் முதலில் அதையே சந்தேகப்பட்டேன். ஆனால் ஐந்து வருடமாகச் சாப்பிடும் மாத்திரை திடீரென்று இப்போது ஏன்? அழுத்தம் பார்க்கும் மெஷினைக் கட்டினேன். எப்போதும் 128, 130 என்று நிற்பவருக்கு 158க்கு 92. கொஞ்சம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன், 156. மாத்திரையால் கால் வீங்கினால் அழுத்தம் ஏறாதே. அப்படியானால் புதிதாக என்ன? கையில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார் அத்தை.

அதிமதுரம் செய்யும் வேலை பாடப்புத்தகத்தில் படித்ததுதான். நம் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் போய் உப்பைப் பிடித்து வைக்காதபடி ஒரு நொதி காவல் காக்கிறது. கிளைசிரைசின் அந்தக் காவலைக் கட்டிப்போட்டுவிடும். உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியே போகும், அழுத்தம் ஏறும். மறுநாள் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பொட்டாசியம் 3.1, குறைந்தபட்சம் 3.5 இருக்க வேண்டும். டீயை நிறுத்தச் சொன்னார், வேறு மாத்திரை எதுவும் கூட்டவில்லை. வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது, அழுத்தம் பழைய இடத்துக்கு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

கவுண்டரில் நின்ற காலத்தில் சீட்டு நீட்டிய ஒவ்வொருவரிடமும் கேட்பேன், "வேற ஏதாவது சாப்பிடறீங்களா? மூலிகை, லேகியம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்று. சொந்த வீட்டில், நானே போட்டுக் கொடுத்த டீயை, மூன்று வாரம் கேள்வி கேட்கவில்லை. ருசியாக இருந்ததால் மருந்து என்று தோன்றவே இல்லை. என் பங்கை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போல் பாடம் படிக்காதவர் இதை வாங்கியிருந்தால்? ஐரோப்பிய ஒன்றியத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அதிமதுரம் உள்ள மிட்டாயில்கூட, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிகம் சாப்பிட வேண்டாம் என்று அச்சடித்தே தீர வேண்டும் என 2004இலிருந்து விதி. மிட்டாய்க்கே அப்படி. இந்தச் சீட்டில் அந்த டீக்கு எழுதியிருப்பது: 'வயது வரம்பின்றி அனைவரும் எத்தனை முறை வேண்டுமானாலும் அருந்தலாம். முற்றிலும் இயற்கையானது, பக்கவிளைவு அற்றது.'

கம்பெனிக்கு மெயில் எழுதினேன். மூன்று கேள்வி: டீயில் அதிமதுரம் எத்தனை கிராம், காப்ஸ்யூலுக்கு ஏன் பூச்சு இல்லை, டப்பாக்களில் பேட்ச் எண்ணும் செடியின் தாவரவியல் பெயரும் ஏன் இல்லை. ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் பொருட்கள் அனைத்தும் நூறு சதவீதம் இயற்கையானவை, தங்கள் ஆதரவுக்கு நன்றி, அடுத்த பெட்டிக்குத் தள்ளுபடி. மறுபடி எழுதினேன், அதே பதில் மறுபடி வந்தது, தள்ளுபடி மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

சீட்டில் இன்னொரு கூத்து, எல்லா இலைக்கும் பூவுக்கும் ஒரே செய்முறை: 'பத்து நிமிடம் கொதிக்க வைக்கவும்.' கெமோமில் பூவைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் அதன் மணமெல்லாம் ஆவியாகி அடுப்பங்கரைக்குத்தான் போகும். வெந்நீரை ஊற்றி மூடி வைத்தால் போதும். எப்படிச் செய்கிறோம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு மலேரியா மருந்து ஒன்றே சாட்சி. சீனாவில் தூ யோயோ என்ற விஞ்ஞானி ஆர்ட்டிமீசியா அன்னுவா செடியோடு மல்லுக்கட்டியபோது, வழக்கமாகக் கொதிக்க வைத்த சாறு நம்பும்படி வேலை செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய மருத்துவக் குறிப்பில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறதோ என்று அவர் குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு எடுத்துப் பார்த்தார். ஆர்ட்டிமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. அந்தப் பழைய குறிப்பில் செடி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதுகூட இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த சீட்டில் அதுதான் இல்லை.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: முழுப் பெட்டியாக வாங்க வேண்டாம். இசப்கோல், சுக்கு, கிராம்பு இந்த மூன்றையும் தனித்தனியாக, பேட்ச் எண் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டில் யாராவது தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால், டப்பாவைத் திறக்கும் முன் டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ ஒரு வார்த்தை கேளுங்கள். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு அது தொந்தரவு இல்லை, நான் சொல்கிறேன்.

எங்கள் டப்பாக்களுக்கு நானே ஒட்டுச்சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன். பெயர், அளவு, எவ்வளவு தண்ணீர், யாருக்குக் கூடாது. இசப்கோல் டப்பாவில் 'டம்ளர் நிறையத் தண்ணீர்' என்பதைச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருக்கிறேன். மேல் தட்டு டப்பாவில் 'அத்தைக்கு இல்லை' என்று மட்டும். நேற்று அவர் அண்ணாந்து அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்றார். படித்துக் காட்டினேன். "கொஞ்சமாக்கூடவா இல்ல?" என்றார்.